பாமேலாவுக்கு ஒரு பூசை

டிசம்பர் 19, 2010, ஞாயிறு

குழாயில் தண்ணீர் வரவில்லை. கழிவறைக்கு ஊற்றக் கடலிலிருந்து வாளியில் மொண்டு வந்தேன். கார்க் மாவட்டத்தில் பிறந்து ஐம்பத்தொன்பது வயதாகிறது, இப்படி ஒரு குளிரைக் கண்டதில்லை. இமெல்டா அக்கா இதையெல்லாம் கவனிக்கவில்லை. ஜன்னலோரம் நின்று வாசலில் இருக்கும் இரண்டு பாம் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நுவாலா, அதுங்களுக்குக் குளிருது."

"எனக்கும்தான்."

"உனக்குக் கோட்டு இருக்கு."

மதியத்துக்குள் எனக்குக் கோட்டு இல்லை. அது இடது பக்க மரத்தின் மேல் இருக்கிறது. அதற்குக் கீழே அக்காவின் மழைக்கோட்டு, அதற்கும் கீழே மாடி அறையின் மெத்தை விரிப்பு. வலது பக்க மரத்துக்கு விருந்தினர்களுக்காக வைத்திருந்த குளியலறை அங்கிகள், நெஞ்சில் 'தி பாம்ஸ்' என்று நீல நூலில் எங்கள் விடுதியின் பெயரோடு. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அக்கா அறுபத்தேழு வயதில் ஏணி உச்சியில் நின்று, இலைகளை எல்லாம் மேலே சேர்த்துக் கட்டி, அதன்மேல் கம்பளித் தொப்பியும் மாட்டினாள்.

தூரத்திலிருந்து பார்த்தால் பஸ்ஸைத் தவறவிட்ட இரண்டு மகா உயரமான பெண்கள் மாதிரி இருக்கிறது.

டிசம்பர் 22, புதன்

காலையில் போலீஸ்காரர் வந்தார். ரொம்ப இளவயசு, மூக்கு சிவந்து கிடந்தது.

"ஒரு புகார் வந்திருக்கும்மா. உங்க கேட்டுல ரெண்டு பேர் மூணு நாளா நிக்கறாங்களாம். நல்ல உயரமாம். அசையவே இல்லையாம். உறைஞ்சு போயிருப்பாங்களோன்னு எதிர் வீட்டுக்காரர் பயப்படறார்."

எதிர் வீட்டுக்காரர் ஃபின்பார் டூஹி தன் ஜன்னலில் நின்று எங்களைப் பார்த்துத் தேநீர்க் கோப்பையை உயர்த்தினார். அவருக்குப் பயமாம். அவர் பயப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

அவருடையதும் தங்கும் விடுதிதான், பெயர் 'ஸீ வியூ'. அங்கிருந்து கடல் தெரியாது. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாக முன்பு தெரிந்துகொண்டிருந்தது. அந்த இடைவெளிக்கு நேராக, கேட்டின் இரண்டு பக்கமும்தான் அக்கா மரங்களை நட்டாள், முழங்கால் உயரக் கன்றுகளாக. பெயருக்குத்தான் பாம், உண்மையில் கிளை விடுகிற வேறு ஜாதி; அவை இத்தனை கிளை விட்டு இவ்வளவு பரவும் என்று யாருக்குத் தெரியும்? அவர் நகராட்சியில் புகார் கொடுத்தார். அதற்கப்புறம் பேச்சு நின்றுபோனது. பேச வேண்டி வந்தால் அவர் "மிஸ் ஹெகார்ட்டி" என்பார். அக்கா அவரை 'அவன்' என்பாள், அவர் காதில் விழும்படியே.

போலீஸ்காரர் என் கோட்டின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவங்க உயிரோட இருக்காங்களா?" என்று கேட்டார்.

"அதுதான் எங்களுக்கும் தெரியணும்" என்றாள் அக்கா.

டிசம்பர் 25, சனி

மைனஸ் ஒன்பது. வான்கோழி வெந்தது, நாங்கள் விறைத்தோம்.

ஜனவரி 9, 2011, ஞாயிறு

பனி விட்டுவிட்டது. துணிகளை அவிழ்த்தோம். இலைகள் பச்சை! அக்கா சாலைக்கு நடுவில் போய் நின்று, யாரும் இல்லாத திசையில், "எவ்வளவு பச்சை, கண்ணு கூசுது" என்று இரண்டு தரம் சொன்னாள். ஃபின்பாரின் திரை அசைந்தது.

என் கோட்டுப் பையில் ஒரு நத்தைக் குடும்பம் குடியிருக்கிறது. கோட்டு இனி எனக்கில்லை.

பிப்ரவரி 12, சனி

எனக்கு அந்த மரங்களைப் பிடிக்காது. இதை இங்கேதான் எழுத முடியும். காற்றடித்தால் ராத்திரி முழுக்கச் சடசடவென்று கைதட்டும். உதிர்கிற இலை தோல்வார் மாதிரி, புல் வெட்டும் இயந்திரத்தின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். இருந்தாலும் இன்று பார்த்ததைப் பார்த்திருக்க வேண்டாம்.

ஒரு வாரமாக இலைகள் தொங்கின. நனைந்த குடை மாதிரி. அக்கா ஏணி போட்டு ஏறினாள். நடுக்குருத்தைப் பிடித்தாள். அது ஆடுகிற பல் மாதிரி கையோடு வந்துவிட்டது. அடியில் பழுப்புக் கூழ். நாற்றம் கீழே நின்ற எனக்கே குமட்டியது.

அக்கா இறங்கி வந்து, கையில் குருத்தைப் பிடித்தபடியே, "நான் சும்மா தொட்டேன்" என்றாள். என்னிடம் இல்லை, சாட்சிக் கூண்டில் நிற்பவள் மாதிரி, பொதுவாக.

பிப்ரவரி 13, ஞாயிறு

அடுத்த மரத்தையும் சும்மா தொட்டாள்.

பிப்ரவரி 24, வியாழன்

ஊரில் எல்லா பாமும் இப்படித்தான். வங்கி வாசலில், முடிதிருத்தும் கடை வாசலில், கோயில் முற்றத்தில், எல்லாம் தலை தொங்கி நிற்கின்றன. ஊரே குடித்துவிட்டு விடிந்த முகத்தோடு இருக்கிறது. ஆளாளுக்கு வைத்தியம் சொல்கிறார்கள். ரேடியோவில் ஒருவர் வெந்நீர் ஊற்றாதீர்கள் என்றார். யாரோ ஊற்றியிருக்க வேண்டும்.

செடிக்கடை லார்க்கினை வரவழைத்தோம். அவர் தண்டை முஷ்டியால் தட்டினார், விரலால் அழுத்தினார், முகர்ந்தார். மேலே அழுத்தினால் கேக் மாதிரி அமுங்கியது. கீழே கெட்டியாக இருந்தது.

"ஜூன் வரைக்கும் பொறுங்க. மேலே செத்தாலும் வேர் உயிரோட இருக்கலாம். அடியிலேருந்து முளைக்கும்."

"முளைக்குமா?" என்றாள் அக்கா.

"முளைக்கலாம்."

"இல்லேன்னா?"

"முளைக்காம போகலாம்."

"இதுக்கு நீ காலேஜ் வேற போனியாப்பா?"

லார்க்கின் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவர் போன பிறகு சமையலறையில் கரண்டியும் கையுமாக உட்கார்ந்தாள். பாம் இல்லாத 'தி பாம்ஸ்' விடுதிக்கு யார் வருவார்கள் என்று கேட்டாள். எதிரே கடல் தெரியாத 'ஸீ வியூ'வுக்கு வருகிறார்களே என்றேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன். கரண்டியால் அடித்திருப்பாள்.

மார்ச் 10, வியாழன்

சூறைக்காற்று. இடது மரத்தின் தலை முறிந்து, சாலையைக் கடந்து, ஃபின்பார் வீட்டுக் கதவில் போய் மோதி நின்றது. அவர் கதவைத் திறந்து, "யாரு?" என்று கேட்டாராம்.

மாலையில் அதைத் தள்ளுவண்டியில் வைத்து, மேலே கறுப்புத் துணி போர்த்தி, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "உங்க துக்கத்துல நானும் பங்கெடுத்துக்கறேன், மிஸ் ஹெகார்ட்டி" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மார்ச் 13, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது? நேற்றுத் தபாலில் ஒரு பூசை அட்டை வந்தது. இறந்தவர் ஆன்மா இளைப்பாறப் பூசை வைக்கிறோம் என்று பாதிரியார் கையெழுத்துப் போட்டுத் தருவாரே, அது. பெயர் இருந்த இடத்தில்: பாமேலா ஹெகார்ட்டி.

எங்கள் குடும்பத்தில் பாமேலா என்று யாரும் இல்லை. அக்காவுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. பாம். பாமேலா. அப்புறம் கழுத்திலிருந்து சிவக்க ஆரம்பித்தாள்.

இன்று பூசை முடிந்ததும் ஃபாதர் டின்னீனைக் கோயில் வாசலிலேயே மடக்கினாள்.

"இதுல கையெழுத்து உங்களோடதுதானே ஃபாதர்?"

"ஆமாம்மா. பாவம், ரொம்ப நாள் குளிர்ல கஷ்டப்பட்டாங்கன்னு ஃபின்பார் சொன்னார். உங்க ஒண்ணுவிட்ட தங்கச்சியா?"

"அது மரம் ஃபாதர்."

ஃபாதர் வானத்தைப் பார்த்தார். "இன்னிக்குப் பூசையில பேரை வாசிச்சிட்டேனே" என்றார்.

வாசித்ததை ஊரே கேட்டிருக்கிறது. நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து அக்காவின் கோபத்தைக் கவனித்துக்கொண்டிருந்ததில் கோட்டைவிட்டிருக்கிறோம். வீட்டுக்கு வந்தால் வாசலில் இரண்டு தட்டு சாண்ட்விச், ஓர் ஆப்பிள் கேக், 'பாமேலா இளைப்பாறட்டும்' என்று ஒரு சீட்டு. அக்கா கேக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நல்ல கேக்.

அதைத் தின்றுவிட்டு நேரே எதிர் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

"இன்னும் சாகலை" என்றாள்.

"செத்தாச்சு, மிஸ் ஹெகார்ட்டி. நாறுது."

"வேர் இருக்கு."

"சரி. ஜூன் இருபத்திமூணு ராத்திரி ஊரே கடற்கரையில மூட்டற புனித யோவான் நெருப்பு. அதுக்குள்ள ஒரு பச்சை தெரியட்டும். தெரியலேன்னா வேரோட தோண்டி நெருப்புக்குக் குடுத்துடணும்."

"தெரிஞ்சா உங்க 'ஸீ வியூ' பலகை நெருப்புக்கு."

கை குலுக்கிக்கொண்டார்கள். யார் முதலில் கையை விடுவது என்று இருவரும் பிடித்துக்கொண்டே நின்றார்கள். எனக்குக் கால் வலித்தது.

ஏப்ரல் 16, சனி

மாலோவிலிருந்து ஒரு வயதான தம்பதி. ஐம்பதாவது கல்யாண நாள். தேனிலவுக்கு எங்கேயோ பாம் மரத்தடியில் படம் எடுத்தார்களாம், அதே மாதிரி ஒன்று வேண்டுமென்றுதான் எங்கள் விடுதியைப் பிடித்திருக்கிறார்கள். அக்கா தொலைபேசியில் "தாராளமா" என்று சொல்லிவிட்டாள்.

மூடிப்போன ஒரு மதுக்கடையின் பரணிலிருந்து பிளாஸ்டிக் பாம் இலைகள் கிடைத்தன. தூண்டில் நரம்பால் வலது மரத்தில் கட்டினோம். ஓர் இலையில் மட்டும் பீர் விளம்பரம் இருந்தது, அதைப் பின்பக்கம் திருப்பினோம்.

கிழவர் பார்த்து மகிழ்ந்துபோனார். "என்ன செழிப்பு" என்றார். கிழவி ஓர் இலையைத் தடவினார். என்னைப் பார்த்தார்.

"பிளாஸ்டிக்கா?"

"ஆமாம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"பரவாயில்லை. அவர் பல்லும் அதேதான்."

படம் எடுக்கும்போது எதிர் வீட்டு வாசலில் ஃபின்பார் வந்து நின்றார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவ்வளவுதான். அவர் சாலையைக் கடந்து வந்தார். கிழவரிடம் கேமராவை வாங்கி, "நீங்களும் அம்மாவும் சேர்ந்து நில்லுங்க, நான் எடுக்கறேன்" என்றார். எடுத்துக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அக்கா இரவுச் சாப்பாட்டின்போது, "அவனுக்கு என்ன வந்தது?" என்றாள். எனக்கும் தெரியவில்லை.

மே 3, செவ்வாய்

தண்டுகளில் அழுகல் இறங்கிக்கொண்டே போனது. லார்க்கின் வந்து கெட்டியான இடம் வரை அறுத்தார். முழங்கால் உயரத்தில் இரண்டு கட்டைகள் மிச்சம். அக்கா உள்ளே போய் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டாள்.

கடைசிக் கிளை விழுந்ததும் சாலையில் வெளிச்சம் கொட்டியது. வேறு எப்படிச் சொல்வது? எதிர் வீட்டுச் சுவர் அப்படி மஞ்சள் நிறம் என்று எனக்கு இவ்வளவு நாளாகத் தெரியாது.

ஃபின்பார் வெளியே வந்தார். இளிப்பார் என்று நினைத்தேன். இல்லை. உள்ளே போய் ஒரு சமையலறை நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார்.

அக்கா திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள்: "என்ன பண்றான்?"

"கடலைப் பாக்கறார்."

"எவ்வளவு நேரமா?"

"மதியத்திலேருந்து."

"பைத்தியம்" என்றாள். ஆனால் திரையை விட்டு நகரவில்லை. கொஞ்சம் கழித்து, "தேநீர் ஆறிப்போச்சு அவனுக்கு" என்றாள். அதற்கும் கொஞ்சம் கழித்து, "கால்ல பாரு, ரெண்டும் வேற வேற செருப்பு."

மே 19, வியாழன்

இது மூன்றாவது வியாழக்கிழமை. ஒப்பந்தம் நேர்மையாக நடக்கிறதா என்று கட்டைகளைச் சோதிக்க ஃபின்பார் வருகிறாராம். குனிந்து பார்ப்பார், "ஒண்ணும் காணோம்" என்பார், ஒரு பொட்டலம் கானாங்கெளுத்தி மீனைக் கொடுப்பார். அதிகம் பிடித்துவிட்டதாம்.

இன்று அக்கா உதட்டுச்சாயம் பூசியிருந்தாள். காலை ஒன்பது மணிக்கு. மீன் வாங்க.

"என்னக்கா இது?"

"உதடு வெடிச்சிருக்கு."

ஜூன் 6, திங்கள்

முளைச்சிடுச்சு.

இடது கட்டையின் அடியில், மண்ணோடு ஒட்டி. என் சுண்டு விரல் அளவு. கூரான பச்சை. களை பிடுங்கும்போது பார்த்தேன். உடனே "அக்கா" என்று கத்த வாயைத் திறந்தேன் — மூடிக்கொண்டேன்.

ஏன் மூடினேன்? தெரிந்துவிட்டால் அவள் ஜெயித்துவிடுவாள். பலகை நெருப்புக்குப் போகும். மரம் மறுபடி மறைக்கும். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார். வியாழக்கிழமை மீன் வராது. அக்கா உதடு மறுபடி வெடிச்சே கிடக்கும். இவ்வளவு வருஷத்துல அவ பாட்டு முனகி நான் கேட்டதே இல்ல, இப்போ பாத்திரம் கழுவும்போது முனகறா. அதை எதுக்குக் கெடுக்கணும்? எனக்கோ இந்த மரத்தையே பிடிக்காது. காலால ஒரு மிதி, முடிஞ்சது கதை.

மிதிக்க முடியவில்லை. ஒரு பூத்தொட்டியைக் கவிழ்த்து மூடி வைத்தேன். அப்புறம் வறண்டு கிடக்கிறதே என்று தண்ணீர் ஊற்றினேன். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

ஜூன் 14, செவ்வாய்

விசித்திரம். மழையே இல்லை, ஆனால் கட்டையைச் சுற்றி மண் எப்போதும் ஈரம். தொட்டி கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. சுற்றிலும் நொறுக்கிய முட்டை ஓடு. தெருப்பூனை முட்டை சாப்பிடுமா?

அக்காவிடம் கேட்க முடியாது. கேட்டால் ஏன் அங்கே போனாய் என்பாள்.

ஜூன் 24, வெள்ளி

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. கண் இன்னும் புகையில் எரிகிறது.

சாயங்காலம் ஃபின்பார் மண்வெட்டியோடு வந்தார். அக்குளில் 'ஸீ வியூ' பலகையும் இருந்தது. சுவரிலிருந்து திருகாணி கழற்றி எடுத்து வந்திருக்கிறார்.

"இது எதுக்கு?" என்றாள் அக்கா.

"கைவசம் இருக்கட்டும்னு."

"தேவையில்லை. பச்சை ஒண்ணும் இல்லை. தோண்டுங்க."

அக்காவா இப்படிச் சொல்கிறாள்? நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபின்பார் மண்வெட்டியை ஊன்றி நின்றார். "நல்லா பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எல்லாப் பக்கமும்?"

"எல்லாப் பக்கமும்."

"இந்தத் தொட்டிக்கு அடியில?"

"அடியில என்ன இருக்கப் போகுது?"

"ஒண்ணுமில்லை. சும்மா கேட்டேன்."

இரண்டு பேரும் அந்தத் தொட்டியை மட்டும் பார்க்காமல் மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள். அவர் மண்வெட்டியைத் தூக்கினார்.

"ஐயோ, நிறுத்துங்க. முளை இருக்கு" என்று கத்திவிட்டேன். ஓடிப்போய்த் தொட்டியைத் தூக்கினேன்.

சாண் உயரம் வளர்ந்திருந்தது. வெயில் படாமல் வெளிறி, சேற்றுக் குட்டைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு தலை நீட்டியிருந்தன.

யாரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் ஆச்சரியம்.

"யாரு இவ்வளவு தண்ணி ஊத்தினது?" என்றாள் அக்கா.

"நான் காலையில கொஞ்சம்" என்றேன்.

"நான் ராத்திரி கொஞ்சம்" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல்.

ஃபின்பார் தொப்பியைச் சரிசெய்தார். "நீங்க ரெண்டு பேரும் கோயிலுக்குப் போற நேரத்துல நான் ஒரு வாளி."

"முட்டை ஓடு?" என்றேன்.

"நத்தை வரும்ல. ஓடு குத்தினா வராது."

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "நத்தை தின்னட்டும்னு விட்டிருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்களே."

"நீங்களும்தான். முளைச்சிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பீங்க."

"உங்களுக்குக் கடல் போயிடுமே."

அவர் மண்வெட்டியின் பிடியைத் தேய்த்தார். "முளைச்சது தெரிஞ்சுபோச்சுன்னா, இமெல்டா, வியாழக்கிழமை நான் என்ன சொல்லிக்கிட்டு இங்கே வர்றது?"

நகராட்சிப் புகாருக்கு அப்புறம் அவர் வாயில் அந்தப் பெயர் வந்து நேற்றுதான் கேட்டேன்.

அக்கா கொஞ்சம் இருமினாள். "மீன் கொடுக்க வர்றேன்னு சொல்லிக்கிட்டு வரலாம்."

நான் உள்ளே போய் எதையோ தேடினேன். என்ன தேடினேன் என்று இப்போதும் தெரியாது.

பலகையை நெருப்பில் போடவில்லை. அக்காதான் கூடாது என்றாள். "இப்பதான் அதுல எழுதியிருக்கறது உண்மையாச்சு, இப்பப் போயா எரிக்கறது?" ஆனால் நெருப்புக்கு எதையாவது கொடுக்க வேண்டுமே. அறுத்துப் போட்ட பழைய தண்டுகளை மூன்று பேருமாகக் கடற்கரைக்கு உருட்டிக்கொண்டு போனோம். பாம் தண்டு எரியாது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எரியவே எரியாது. புகை மட்டும் வரும். நெருப்பு மூச்சுத் திணறி, கறுத்து, அணைந்தே போனது. கடற்கரை முழுக்க ஊர் சனம் இருமியது. ஃபாதர் டின்னீன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "இதுதான் பாமேலாவா?" என்று கேட்டார்.

ஜூலை 17, ஞாயிறு

லார்க்கின் வந்து பார்த்தார். வலது கட்டையும் முளைவிட்டிருக்கிறது. தண்ணீர் ஊற்றுவதை மூன்று பேரும் உடனே நிறுத்தச் சொன்னார். குளிர் தாண்டிப் பிழைத்ததை நாங்கள் மூழ்கடித்திருப்போமாம்.

"பழைய உயரம் வர எவ்வளவு நாளாகும்?" என்று ஃபின்பார் கேட்டார்.

"பத்து வருஷம். மேலேயும் ஆகலாம். ஆகாமலும் போகலாம்."

ஃபின்பார் விரல் விட்டு எண்ணினார். "பத்து வருஷத்துல எனக்கு எழுபத்தொன்பது. அப்போ கடலைக் காதால பாத்துக்கறேன்."

அக்டோபர் 2, ஞாயிறு

மாடியில் டச்சுக்காரத் தம்பதி இன்னும் தூங்குகிறார்கள். காலை உணவு நான் மட்டும்தான் செய்தேன். அக்காவின் கோப்பை கவிழ்த்தபடியே இருக்கிறது.

வாசலுக்குப் போய்க் கட்டைகளைச் சுற்றிப் புல் பிடுங்கினேன். இடது பக்கம் ஐந்து தலை, வலது பக்கம் நான்கு. நல்ல அடர்த்தி. இவையும் ஒருநாள் ராத்திரியெல்லாம் கைதட்டத்தான் போகின்றன. தட்டட்டும்.

நிமிர்ந்தால் எதிரே மஞ்சள் சுவரை ஒட்டி இரண்டு நாற்காலிகள், ஒன்றில் ஃபின்பார், இன்னொன்றில் அக்கா. கையசைத்தேன். அக்காவும் பதிலுக்குக் கையசைத்தாள், விரல் நுனி கூடத் தெரியவில்லை. அவள் போட்டிருந்த கம்பளிச் சட்டையின் கை அவ்வளவு நீளம்.